ஒலிக்காத தூண்

"ஐயோ... அம்மா!"

அலறல் பதினாறு கல்தூண்களிலும் மோதி, கருவறை வரை போய்த் திரும்பியது!

அம்மன் கோயிலின் மலைப்படிகளில் தர்மகர்த்தா ஏறிக்கொண்டிருந்தார். அறுபத்திரண்டு வயது. முழங்கால் வலி. வாய்க்கு மட்டும் வலியே கிடையாது.

கூட்டிப் பெருக்குகிறவள் எதிரே தலைதெறிக்க ஓடி வந்தாள்.

"என்ன, பேயைப் பார்த்த மாதிரி ஓடி வர்றே?"

"ஸ்தபதி ஐயா... மண்டபத்துல... ரத்தம்!"

முழங்கால் வலி மறந்து போயிற்று.

முன்மண்டபத்தில், உயரமான சாரத்தின் கீழே, ஸ்தபதி குப்புறக் கிடந்தார். கோயில் திருப்பணிக்குத் தலைமைச் சிற்பி. தர்மகர்த்தாவின் ஒரே தங்கையைக் கட்டியவர்.

பின்மண்டை பிளந்திருந்தது. வலது கை ஒரு சின்ன மரச் சுத்தியை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தது.

"மாப்பிள்ளை..."

குனிந்து தோளைத் தொட்டார். உடம்பு சில்லிட்டிருந்தது!

அரை மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்தாள். நாற்பது வயது. நூற்று எண்பது படி ஏறியும் மூச்சு வாங்கவில்லை.

"ஏம்மா, சீக்கிரம் விசாரிச்சுட்டு உடம்பை எடுங்க. கீழ ஆயிரம் பேர் தரிசனத்துக்கு நிக்கறாங்க" என்றார் தர்மகர்த்தா.

"அம்மா உள்ள கருவறையில இருக்காங்க. நான் இன்ஸ்பெக்டர். கதவு திறக்காது."

"மூணு தலைமுறையா இங்க தரிசனம் நின்னதில்லை!"

"மூணு தலைமுறையா இங்க பொணமும் விழுந்ததில்லை."

தர்மகர்த்தா பல்லைக் கடித்தார். பெண்பிள்ளைக்கு எவ்வளவு வாய்!

இறந்தவரின் தம்பி தூணோரம் குந்தி அழுதுகொண்டிருந்தான். அவனும் சிற்பிதான். ஊருக்கெல்லாம் 'சின்னவர்'.

"அண்ணன் விடிகாலையிலேயே கிளம்பி வந்துட்டாரு மேடம்... சாரத்துல ஏறினவரு, கால் தவறி..."

"தவறலை!"

வாசலில் ஒரு குரல் வெடித்தது. தர்மகர்த்தாவின் தங்கை. தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

"அவரு தவறி விழலை. தள்ளிட்டாங்க! தள்ளினது யாருன்னு எனக்குத் தெரியும்... இதோ நிக்கறாரே, என்கூடப் பொறந்தவரு!"

"வாயை மூடு! புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?"

"நேத்து சாயங்காலம் நாப்பது வேலைக்காரங்க முன்னாடி என்ன சொன்னே? இவங்ககிட்ட சொல்லேன் அண்ணே!"

இன்ஸ்பெக்டர் திரும்பினாள்.

"என்ன சொன்னீங்க?"

தர்மகர்த்தா மேல்துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மாப்பிள்ளை மண்டபத்தை உடனே மூடணும்னான். ஏன்னு கேட்டேன். 'இப்ப கேக்காதீங்க மச்சான், ரெண்டு நாள்ல சொல்றேன்'னான். காரணம் சொல்லாம கோயிலை மூடச் சொன்னா கோவம் வராதா?"

"கோவத்துல...?"

"உன்னையும் ஒரு கல்லா நினைச்சு, சுவத்துக்குள்ள வெச்சுப் பூசிடுவேன்னு..."

"அடேயப்பா! பூசறதுக்கு முன்னாடியே சாவு விழுந்துடுச்சே?"

"அது சும்மா வாய் வார்த்தை!"

"வாய் வார்த்தைதான் கோர்ட்டுல சாட்சி ஆகும் சார்."

உடலை எடுத்தார்கள். சின்னவர் அழுதபடியே அண்ணனோடு மலையிறங்கினான். கீழே வண்டி வரைக்கும் போய்விட்டுத் திரும்பச் சொன்னாள் இன்ஸ்பெக்டர். தங்கையைப் பெண்கள் வெளிப் பிராகாரத்துக்கு அழைத்துப் போனார்கள்.

இன்ஸ்பெக்டர் சாரத்தில் ஏறினாள். பலகையைப் பார்த்தாள். இறங்கினாள்.

"பலகையில ஒரு விரக்கடை தூசி. ஒரு காலடித் தடம்கூட இல்லை. உங்க மாப்பிள்ளை இதுல ஏறவே இல்லை. யாரோ பின்னாலேர்ந்து அடிச்சிருக்காங்க."

இன்ஸ்பெக்டரின் பார்வை தூண்கள் பக்கம் திரும்பியது.

"இந்தத் தூண்கள்ல என்ன விசேஷம்?"

இந்த நேரத்திலும் தர்மகர்த்தாவின் குரலில் ஒரு கர்வம் ஏறியது.

"வடக்குப் பார்த்த அம்மன். உக்கிரமானவ. அவ முன்னாடி இந்த மண்டபம். பதினாறு தூண்... ஒவ்வொண்ணும் ஒரே கல்லுல செதுக்கினது. தூணுக்கு ஒரு கோலம். சிங்கத்து மேல உக்காந்தவ, சூலம் பிடிச்சவ, குழந்தையை இடுப்புல வெச்சவ... தட்டினா ஒவ்வொண்ணும் மணி மாதிரி பேசும். அதைக் கேக்கறதுக்குன்னே கடல் தாண்டி வருவாங்க."

"அப்புறம் ஏன் 'தூண்களைத் தட்டாதீர்கள்'னு பலகை?"

"போன வருஷம் பக்கவாசல் வழியா தரிசனம் விட்டு, மூணு மாசம் மண்டபத்தை மட்டும் மூடி, தரையைப் பிரிச்சு வேலை பார்த்தாங்க. அப்ப மாட்டினது. கல்லு தேயுதுன்னு."

"மாட்டினது யாரு?"

"அதுவா இப்ப முக்கியம்? கொன்னவனைப் பிடிங்க!"

"பிடிக்கத்தான் போறேன். நீங்க ஆபீஸ் ரூம்ல போய் உக்காருங்க. கூட ஒரு கான்ஸ்டபிள் இருப்பாரு. ஓடலாம்னு நினைக்காதீங்க... உங்க முழங்கால் ஒத்துழைக்காது!"

ஒரு மணி நேரம். ஆபீஸ் அறையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கதவு எப்போது திறக்கும் என்று அடிவாரத்திலிருந்து கேள்வி. தர்மகர்த்தா எடுக்கவில்லை. தங்கை சொன்னது காதில் இரைந்துகொண்டே இருந்தது. கூடப்பிறந்தவள் வாயால் கொலைகாரன் பட்டம்!

மறுபடி கூப்பிட்டார்கள்.

மண்டபத்தில், இடப்பக்கம் ஏழாவது தூணை ஒட்டி மூன்று இரும்பு நாற்காலிகள். ஒன்றில் இன்ஸ்பெக்டர்.

"உக்காருங்க சார்."

தர்மகர்த்தா தொப்பென்று உட்கார்ந்தார்.

மலையேறி வந்த சின்னவர் நாற்காலியைப் பார்த்தான். பிறகு அண்ணாந்து பார்த்தான். உட்காரவில்லை.

"நீங்களும் உக்காருங்க தம்பி."

"வேணாம் மேடம்... நிக்கறேன்."

"மலையேறி வந்த களைப்பு இருக்குமே?"

"பரவாயில்லை மேடம்... இங்கேயே..."

அவன் வாசலருகே நின்றான். வியர்வை காதோரம் வழிந்தது. அண்ணனைப் பறிகொடுத்தவன், பாவம் என்று தர்மகர்த்தா நினைத்துக்கொண்டார்.

"சரி. சார், நேரா விஷயத்துக்கு வர்றேன். கொலையை ஒத்துக்கறீங்களா?"

"என்னது!"

"மிரட்டினது நீங்க. கோயில் சாவி உங்ககிட்டயும் இருக்கு. ஒத்துக்கிட்டா எனக்கு வேலை மிச்சம்."

"உன் வேலையை மிச்சம் பிடிக்க நான் ஜெயிலுக்குப் போகணுமா? அந்த அம்மன் மேல சத்தியமா..."

"அவ பேரைச் சொல்லாதே!"

பிராகாரத்திலிருந்து தங்கை புயலாகப் பாய்ந்து வந்தாள். அண்ணனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"என் தாலியை அறுத்துட்டு சத்தியம் வேற பண்றியா? சொல்லு! அவரு உன்னை என்ன பண்ணினாரு?"

"விடு... சொன்னாக் கேளு..."

உலுக்கினாள். நாற்காலி போய்த் தூணில் இடித்தது.

மேலே எதுவோ 'நெறுக்' என்றது.

சாம்பல் நிறத் துகள் அவள் தலைமுடியில் பொலபொலவென்று உதிர்ந்தது.

"அண்ணி!"

சின்னவர் அலறினான்!

"அங்க நிக்காதீங்க அண்ணி! வெளிய வாங்க... அந்தத் தூண் பாரம் தாங்காது!"

பாய்ந்து வந்து அவளைத் தோளோடு அணைத்து இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினான்.

"எல்லாரும் வெளிய!" என்றாள் இன்ஸ்பெக்டர். தர்மகர்த்தாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

முற்றத்து வெயில். 

"பல நூறு வருஷமா தாங்கின கல்தூண்..." இன்ஸ்பெக்டர் மெதுவாகக் கேட்டாள். "இப்ப மட்டும் ஏன் தாங்காது தம்பி?"

சின்னவர் படிகள் பக்கம் நகர்ந்தான். கான்ஸ்டபிள் குறுக்கே வந்து நின்றார்.

"நான் சொல்லட்டுமா? நீ கீழ போயிருந்தப்ப உன் அண்ணனோட சுத்தியால ஒவ்வொரு தூணையும் தட்டினேன். பதினஞ்சு தூண் ணங்... ணங்னு பேசிச்சு. ஏழாவது மட்டும் தொப்புனு ஊமையா நின்னுச்சு. அது கல்லே இல்லை... அச்சுல ஊத்தின சிமெண்ட்!"

"சிமெண்டா?" தர்மகர்த்தாவின் குரல் உடைந்தது. "ஏழாவது... குழந்தையை இடுப்புல வெச்ச அம்மனாச்சே!"

"அவ இப்ப எந்தப் பணக்காரன் வீட்டு ஹால்ல நிக்கறாளோ! மூணு மாசம் மூடி உன் பொறுப்புல வேலை நடந்தப்ப, தூணைக் கழட்டி வித்துட்டே. யாரும் தட்டிடக் கூடாதுன்னு பலகையும் மாட்டிட்டே. போலித் தூண் பாரம் தாங்காம மேல உத்திரம் விரிசல் விட, அண்ணனுக்குச் சந்தேகம். தம்பியைக் காட்டிக் கொடுக்க மனசு வராம, காரணத்தை மறைச்சு மண்டபத்தை மட்டும் மூடச் சொன்னாரு. இன்னிக்குக் காலையில தட்டிப் பார்த்து உறுதி பண்ண வந்தாரு, நீயும் பின்னாலேயே வந்தே. நீ இங்க வெச்சுட்டுப் போன கருவிப் பையில ஒரு இரும்புச் சுத்தியல் மட்டும் கழுவி ஈரமா இருக்கு. மீதியை நீ சொல்றியா?"

சின்னவர் மண்டியிட்டான்.

"அண்ணிகிட்ட சொல்லிடுவேன்னாரு... போலீஸ்னாகூட பயமில்லை. பத்து வயசுலேர்ந்து எனக்குச் சோறு போட்டு வளர்த்தவங்க... அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்னு..."

"முழிச்சுக்கோ! இப்ப முழிச்சுக்கோடா!"

தங்கை அறைந்த அறையில் பிராகாரப் புறாக்கள் எழுந்து பறந்தன. அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அண்ணன் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அவர் அவள் தோளில் கை வைத்தபோது தட்டிவிடவும் இல்லை.

விலங்கு மாட்டிச் சின்னவரை இறக்கிக்கொண்டு போனார்கள்.

மண்டபத்துக்குள் 'மடேர்' என்று ஒரு சத்தம்!

எட்டிப் பார்த்தார் தர்மகர்த்தா. அவர் உட்கார்ந்திருந்த இரும்பு நாற்காலி, ஒரு கல் துண்டின் கீழே அப்பளமாகிக் கிடந்தது.



"மேடம்... என்னை உக்கார வெக்கறதுக்கு முன்னாடி... மேல முட்டுக் கொடுத்திருந்தீங்கல்ல?"

"முட்டுக் கொடுக்க ஆள் சொல்லிவிட்டேன் சார். இப்பதான் நூறாவது படி ஏறிக்கிட்டிருக்காங்களாம்."

"அப்ப எந்தத் தைரியத்துல நீங்களும் உக்காந்து, என்னையும் உக்கார வெச்சீங்க!"

இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரி செய்துகொண்டு, கருவறைப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

"பாரத்தை அம்மன் மேல போட்டுட்டுத்தான்!"