பெயரில்லாத நாற்பத்தொரு கற்கள்

பழைய சுரங்க விளக்குகள் வைத்திருந்த கண்ணாடிப் பேழை மங்கிக் கிடந்தது. ஷினோபு துணியால் துடைத்தாள். மங்கல் போகவில்லை. யாரோ உள்ளேயிருந்து மூச்சு விட்டதுபோல் உட்பக்கத்தில் ஆவி படிந்திருந்தது. பேழையின் சாவி அவள் இடுப்பில் இருந்தது.

ஜப்பானின் கியூஷு தீவில் இருக்கும் அந்தச் சிற்றூர் அருங்காட்சியகத்தைப் பத்தொன்பது வருடமாக அவள் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறாள். மழைக்கால மதியத்தில் கூரையிலிருந்து தண்ணீர் இறங்கும் ஓசையும் ஊறிய பாய்களின் நெடியும் அவளுக்குப் பழகியவைதான். ஆனால் இன்று தரைப்பலகைகளின் இடுக்கு வழியே ஈர நிலக்கரியின் வாசனை மெல்ல மேலேறி வந்துகொண்டிருந்தது. ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூடி அறுபது வருடமாகிறது.

மூன்று மணிக்குக் கிரியூ வந்தார். கட்டடத்தைக் கொடையாகத் தந்த குடும்பத்துக்காரர். ஒரு காலத்தில் சுரங்கமும் அவர்களுடையதுதான். மேசைமேல் ஒரு தாளை வைத்தார்.

"பின்னாடி சரிவுல கிடக்கற கல்லையெல்லாம் நாளைக்கு அள்ளிடறாங்க. வண்டி நிறுத்த இடம் வேணும்ல? ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா."

"அது வெறும் கல்லு இல்லங்க. கல்லறை. நாப்பத்தொண்ணு."

"பேரே இல்லாத கல்லறை! யாராவது வந்து ஒரு ஊதுபத்தியாவது கொளுத்தறாங்களா?"

"நான் கொளுத்தறேன்."

"யாருக்குன்னு கொளுத்துவீங்க?" கிரியூ சிரித்தார்.

ஷினோபு இழுப்பறையிலிருந்து கரையான் அரித்த பதிவேடு ஒன்றை எடுத்தாள். "போன மாசம் நீங்க குடுத்தனுப்பின பெட்டியில அடியில கிடந்துச்சு. சுரங்கத்துல தீப்பிடிச்ச அன்னிக்கு உள்ள இறங்கினவங்க பேரு. நிலக்கரியைக் காப்பாத்த உங்க தாத்தா ஆத்துத் தண்ணியச் சுரங்கத்துக்குள்ள திருப்பி விட்டாரே, அன்னிக்கு. ஒருத்தரும் மேல வரல. செத்தவங்களோட வீட்டாளுங்க ஆளுக்கொரு கல்லு வச்சாங்க. பேரு எழுத உங்க வீடு விடல."

கிரியூவின் முகம் இறுகியது. "குடுங்க அதை. இல்லன்னா கட்டடத்தையே திருப்பி எடுத்துக்குவேன். நாளைக்கு நீங்க நடுத்தெருவுலதான்."

அவள் பதிவேட்டைத் திறந்தாள்.

"எடுத்துக்கங்க. முதல்ல படிச்சு முடிச்சிடறேன். நோமி தோகுசோ."

"உள்ளேன்."

குரல் தரைக்கு அடியிலிருந்து வந்தது. மழை நின்றுபோனது போலிருந்தது. இத்தோடு மூடி வைத்துவிடலாம். ஓடிவிடலாம்.

"கஜிவாரா கின்பே."

"உள்ளேன்."

"உராதா சுகே." அது ஒரு பெண்ணின் பெயர்.

"உள்ளேன்." கனைப்பு. தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம்.

கிரியூ கதவுப் பக்கம் திரும்பினார். அவரால் காலை எடுக்க முடியவில்லை.

"நிறுத்து! நிறுத்துடி!"

பத்துப் பெயர். பதினைந்து. ஒவ்வொரு பதிலும் முந்தையதைவிடப் பக்கத்தில். கண்ணீர் வழிந்தது. குரலை மட்டும் அவள் தாழ்த்தவில்லை. உயர்த்தினாள்.

இருபத்தேழு.

நிமிர்ந்து பார்த்தாள். கிரியூ இடுப்புவரை தரைக்குள் நின்றிருந்தார். பலகை ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை. திறந்த வாயிலிருந்து கறுப்புத் தண்ணீர் ஓசையின்றி வழிந்துகொண்டிருந்தது. அவர் இரு தோள்களிலும் கரிய விரல்கள், பொறுமையாக, அடுத்த பெயருக்காகக் காத்திருந்தன.

ஷினோபு பக்கத்தைத் திருப்பினாள்.