பிரிக்காத வடை

சனிக்கிழமை என்றாலே மயூரிக்குப் பிடிக்காது.

அன்றைக்குத்தான் அவளும் அம்மாவும் வெள்ளவத்தையில் பஸ் ஏறி, கொட்டாஞ்சேனையில் இருக்கும் இப்றாஹிம் நானாவின் கடைக்குத் தட்டை வடை கொண்டு போவார்கள். சண்டையால் யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்புக்கு வந்த இருவருக்கும் அந்த வடைதான் சோறு போட்டது. யாழ்ப்பாணப் பாதை பூட்டியிருந்ததால் அப்பா இன்னும் ஊரில்தான்.

வழியில் இராணுவச் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கிப் பையைக் காட்ட வேண்டும். ஆமிக்காரர் கடதாசிப் பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கிளறுவார். பிறகு வடை எங்கே? தூள்தான்.

“இனியும் நொறுங்கி வந்தா எடுக்க மாட்டேன் தங்கச்சி” என்று நானா போன கிழமையே சொல்லிவிட்டார்.

அதனால் அம்மா இந்த முறை மூன்று கடதாசி சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார். வந்தது வினை. இவ்வளவு இறுக்கமாக என்ன கட்டியிருக்கிறார்கள் என்று ஆமிக்காரர் இன்னும் நன்றாகக் கிளறினார்.

மயூரிக்கு அழுகை வந்தது. ஆனாலும் கண் சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் நின்ற ஓர் அக்காவிடம், உள்ளே தெரியும் பொலித்தீன் பையில் ஒரு புதுச் சட்டை. ஆமிக்காரர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே கொடுத்தார்.

“அம்மா, வீட்ட போவம். எனக்கு ஒரு யோசனை.”

யோசனையைக் கேட்ட அம்மா சரிவராது என்று தலையை ஆட்டினார். “உள்ளுக்குத் தெரியிற பையோ? காத்துப் பட்டா மொறுமொறுப்புப் போயிடும், பிள்ளை.”

“காத்துப் போகாம ஒட்டினா?”

பக்கத்து வீட்டு அஸீஸா அன்ரி சட்டை தைத்து விற்பவர். ஒரு கட்டுப் பையையே தூக்கிக் கொடுத்தார். பை வாயைத் துணி அளக்கும் இரும்பு அடிமட்டத்தில் மடித்து, மெழுகுதிரிச் சுடரில் இழுத்து ஒட்டவும் காட்டினார். முதல் பை ஓட்டையானது. இரண்டாவதில் அம்மாவின் விரல் சுட்டது. மூன்றாவது சமர்த்தாக ஒட்டிக்கொண்டது.

“உங்களுக்கு என்ன கைமாறு செய்வன்?” என்றார் அம்மா.

“நோன்பு திறக்க ரெண்டு வடை தாங்க, போதும்.”

அடுத்த சனிக்கிழமை ஆமிக்காரர் பையைத் தூக்கிப் பார்த்தார். “வடேத?” வடையா என்று சிங்களத்தில் கேட்டார்.

“ஓவ்” என்று சிங்களத்திலேயே ஆமென்றாள் மயூரி. பை பிரியாமலே கைக்குத் திரும்பியது.

இப்றாஹிம் நானா வடைகளைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். “இனி ரெண்டு மடங்கு கொண்டு வாங்க. பைக்குள்ள பேர் எழுதின துண்டும் வைங்க, ஆக்கள் கேட்டு வாங்குவாங்க.”

“என்ர மகளின்ர பேரை வைப்பம்” என்றார் அம்மா. “இவ இல்லாட்டி நான் இண்டைக்கு இஞ்ச நிண்டிருக்க மாட்டன்.”

“இல்லை அம்மா. விடியக்காலமை எழும்பி வடை சுடுறது நீங்கள்” என்றாள் மயூரி. நானாவிடம் பேனை வாங்கி, கொட்டை எழுத்தில் அம்மாவின் பேரை எழுதினாள்: ஜெகதீஸ்வரி வடை.

அம்மா அதை இரண்டு தரம் வாசித்தார். மூன்றாம் தரம் வாசிக்கக் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது.