திரும்ப வந்த சரக்கு

தோற்க வேண்டிய சோதனை தேறிவிட்டது.

அவன் திரையைப் பார்த்து உதட்டைச் சுழித்தான். உலகத்தில் எல்லாவற்றையும் அவன் அப்படித்தான் பார்ப்பான். சோப்பும் சீப்பும் விற்கும் ஒரு கடைக்காரர் அவனிடம் ஒரு கணினி நிரல் எழுதக் கேட்டிருந்தார். இணையதளத்தில் யாராவது ‘வாங்கு’ என்று அழுத்தினால் கூடையில் உள்ளதைக் கூட்டி, இருப்பில் கழித்து, ‘சரி, அனுப்பியாயிற்று’ என்று அது பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இந்த அற்ப வேலைக்குத் தன் மூளை வாடகைக்குப் போகிறதே என்று அவனுக்கு எரிச்சல்.

கடையில் இல்லாத பொருளைக் கேட்டால் ‘இல்லை’ என்று வர வேண்டும். அதைச் சோதிக்க, அறையில் கண்ணில் படும் பொருளின் பெயரைத் தட்டிவிடுவது அவன் வழக்கம். இந்தத் தடவை ‘சுவர்க்கடிகாரம், ஒன்று’ என்று தட்டியிருந்தான். ‘சரி, அனுப்பியாயிற்று’ என்றது திரை.

பிழையைத் தேட ஆரம்பித்தான். மழை பெய்யலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த சாயங்காலம். ஜன்னல் வழியே வந்த சாம்பல் வெளிச்சம் மேசையில் பாதி தூரம் வந்து அலுத்து நின்றுவிட்டது. கூடத்திலிருந்து டிவியின் முணுமுணுப்பும், அதற்கு மேலே அத்தானின் இருமலும், அவர் கழுத்தில் அப்பிக்கொள்ளும் வலித்தைலத்தின் கார நெடியும் கதவிடுக்கு வழியாக எப்போதும் போல வந்துகொண்டிருந்தன. ஏதோ ஒன்று மட்டும் குறைந்தது. எதுவென்று பிடிபட நேரமாயிற்று.

டிக் டிக் இல்லை.

நிமிர்ந்தான். சுவரில் ஆணி இருந்தது. அதற்குக் கீழே வெளுத்த வட்டம்.

“அத்தான், கடிகாரத்த எடுத்தீங்களா?”

“ஆமா மாப்ள, வித்துட்டேன். உனக்குச் சோறு போடணும்ல?” கூடத்தில் சிரிப்பு. பிறகு இருமல்.

அக்கா எதைக் கண்டு இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டாள் என்பது அவனுக்குப் பிடிபடாத ஒரே கணக்கு. அவளுக்கோ அவர்தான் எல்லாம். அவர் இருமினால் அரைத்தூக்கத்திலும் எழுந்து உட்காருவாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினான். ‘அத்தான், ஒன்று.’

‘சரி, அனுப்பியாயிற்று.’

இருமல் நின்றது. முடிந்து நிற்கவில்லை. பாதியில், கத்தரித்த மாதிரி.

கூடத்துக்குப் போனான். டிவி யாருமில்லாத சோபாவிடம் பேசிக்கொண்டிருந்தது. அவர் உட்கார்ந்திருந்த பள்ளம் மெதுவாக, மூச்சு வாங்குவதுபோல, மேலெழும்பிக்கொண்டிருந்தது. வாசலில் அவருடைய செருப்பு. கதவு சாத்தியபடி.

“அத்தான், விளையாடாதீங்க.”

சமையலறை. குளியலறை. கட்டிலடி. எங்கும் தைல நெடி. ஆள் இல்லை.

போன் அடித்தது. அக்கா.

“டேய், அவர் மாத்திரை போட்டாரா? போனையே எடுக்க மாட்டேங்கிறாரு.”

“தூ... தூங்குறாரு.”

“இந்த நேரத்துலயா? உடம்புக்கு என்னடா? தெருமுனைக்கு வந்துட்டேன், இரு.”

மேசைக்கு ஓடினான். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவும் ஒரு வழி வேண்டும் என்று கடைக்காரர் கெஞ்சியிருந்தார். சோப்பை எவன் திருப்பிக் கொடுப்பான் என்று சிரித்துவிட்டு அதை எழுதாமலே விட்டிருந்தான். இப்போது எழுதினான். விரல்கள் ஒன்றையொன்று மிதித்தன. ஒரே கோரிக்கை மறுபடி வந்தால் அதைத் தள்ளிவிட ஒரு தடுப்பு வைக்க வேண்டும். அது கத்துக்குட்டிக்கும் தெரியும். நேரமில்லை. சோதனைக்கும் நேரமில்லை.

‘அத்தான், ஒன்று, திருப்பு.’ அழுத்தினான்.

பதில் இல்லை. திரையில் ஒரு சின்ன வட்டம் சுழன்றது. மறுபடி அழுத்தினான். கீழே கேட் கிறீச்சிட்டது. அழுத்தினான். படியில் அக்காவின் காலடி. அழுத்தினான், அழுத்தினான், எத்தனை என்று தெரியாமல் அழுத்திக்கொண்டே இருந்தான்.

‘சரி.’

கூடத்தில், விட்ட இடத்திலிருந்து, இருமலின் மறுபாதி.

மேசையில் தலை கவிழ்ந்தான். வந்தது அழுகையா சிரிப்பா, அவனுக்கே தெரியவில்லை.

‘சரி.’

சமையலறையில் இருமலின் மறுபாதி.

‘சரி.’

குளியலறையில்.

‘சரி.’ கட்டிலுக்கு அடியில், பலகையில் தலை இடிபட. ‘சரி.’ அலமாரிக்குள், துணிகளுக்கு நடுவே, அமுங்கலாக. ‘சரி.’

அவன் நாற்காலிக்குப் பின்னால் தைலம் மணத்தது. பிடரியில் சூடான மூச்சு. திரும்பவில்லை.

வாசலில் சாவி திரும்பியது.

“என்னங்க?” என்றாள் அக்கா.

“வந்துட்டேம்மா.”

எல்லா அறைகளிலிருந்தும். ஒரே குரல். ஒரே நேரத்தில்.

கதவுகள் திறக்க ஆரம்பித்தன. திரையில் ‘சரி’கள் இன்னும் வந்துகொண்டிருந்தன.