சுடாத தட்டு

பால் வைத்து இருபது நிமிடம் ஆகியும் ஓரத்தில் ஒரு குமிழி கூட எழவில்லை. ரமணி பாத்திரத்தை நகர்த்திவிட்டு, மின்சார அடுப்பின் பின்வரிசையில் இடப்பக்கம் இருந்த இரும்புத் தட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சில்லென்றிருந்தது. அதன் திருகு மூன்றில் நின்றது. மூன்றுதான் உச்சச் சூடு.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் முன்பு இருந்த வெள்ளைக்காரர் விட்டுப்போன அடுப்பு அது. அவர் கப்பலேறிய பிறகு வீடு அவள் கணவன் ரெங்கசாமிக்குக் கிடைத்தது. நான்கு நாட்களுக்கு முன் குடிபுகுந்தபோது இந்தத் தட்டில்தான் பால் காய்ச்சினாள். நன்றாகப் பொங்கட்டும் என்று தாராளமாக வழியவிட்டாள். பால் தட்டைச் சுற்றிய இடுக்கில் இறங்கி மறைந்தது. அந்த நேரம் தூளியில் கிடந்த ஆறு மாதக் குழந்தை ஒரே ஒருமுறை வீறிட்டு அடங்கியது. புது வீட்டில் மூட்டிய முதல் அடுப்பை மூன்று நாள் அணைக்கக்கூடாது என்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம். அதனால் திருகை ஒன்றில் வைத்து, தொடாமல் விட்டிருந்தாள். மற்ற மூன்று தட்டுகளில் சமைத்தாள். இன்றுதான் இதை மூன்றுக்குத் திருப்பினாள்.

ரெங்கசாமி வேலையாகக் கிள்ளானுக்குப் போயிருந்தான். நாளைதான் வருவான். பிற்பகல் மழை தகரக் கூரையில் இறங்கி, பெட்டிகளைக் கோக்கும் ஷண்டிங் எஞ்சினின் கூவலையும் பக்கத்து வீட்டுப் பேச்சையும் விழுங்கியிருந்தது. அவள் ஆள் அனுப்பிச் சொன்னதும் அந்த மழையில் சைக்கிளை மிதித்து வந்த ரயில்வே வயர்மேன் கன்னையா, குனிந்து இடுக்கைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னா தங்கச்சி, தொரைமார் அடுப்புல பொங்கலா வெச்சீங்க?"

"பால் காச்சினோம் அண்ணே."

"நல்லா காச்சினீங்க. அடுப்புக்கும் ஊட்டி விட்டுட்டீங்க லா."

மற்ற மூன்று தட்டுகளையும் அணைத்துவிட்டு, பின் வராந்தாவில் இருந்த மீட்டரைப் பார்க்கப் போனார். திரும்பி வரும்போது சிரிப்பு இல்லை.

"கம்பி அறுந்திருந்தா கரண்டே போகாது. ஆனா மீட்டர் ஓடுது. மூணுக்கு எவ்வளவு ஓடணுமோ அவ்வளவு ஓடுது. தட்டு மட்டும் சுடல." தலையைச் சொறிந்தார். "அப்ப அந்தச் சூடு எங்கதான் போகுது?"

தூளியிலிருந்து முனகல் கேட்டது. கன்னையா எட்டித் தொட்டுப் பார்த்து, கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"காச்சல் கொதிக்குது தங்கச்சி. மழை விட்டதும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. நான் ஸ்டோருக்குப் போயி வேற தட்டு எடுத்துட்டு வரேன்."

அவர் போனதும் ரமணி ஈரத்துணியைக் குழந்தையின் நெற்றியில் போட்டாள். அவள் கண்ணெதிரே துணி காய்ந்தது. மீண்டும் நனைத்துப் போட்டாள். மீண்டும் காய்ந்தது. குழந்தையின் உச்சந்தலையிலிருந்து தீய்ந்த பாலின் வாடை வந்தது.

வீணாக ஓடுகிறதே என்றுதான் திருகை அணைத்தாள். வேறு எதையும் அவள் நினைக்கவில்லை.

முனகல் நின்றது. உடம்பு ஆறியது. ரமணி குழந்தையை மார்போடு அணைத்து அழுதாள். அணைத்தபடியே இருந்தாள். ஆறிய உடம்பு இன்னும் ஆறியது. விரல் நுனிகள் குளிர்ந்தன. உதடு நீலமானது. அவள் சூடு எதுவும் அதற்குள் போகவில்லை.

அடுப்பைப் பார்த்தாள்.

பார்க்க விரும்பவில்லை. ஆனாலும் நடந்தாள். திருகை ஒன்றில் வைத்து, நூறு வரை எண்ணினாள். உதட்டில் சிவப்பு திரும்பியது. குழந்தை அவள் தாலிச்சரட்டைப் பிடித்து இழுத்தது.

தற்செயலாக இருக்கலாம். தெரிந்தாக வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டுக்குத் திருப்பினாள். பத்து எண்ணுவதற்குள் குழந்தையின் கண்கள் சிவந்தன. திரும்ப ஒன்று.

ஒன்று. ஒன்றில் இருந்தால் போதும். நாளை வரை. என்றைக்கும். வலக்கையைத் திருகின் மேல் வைத்துக்கொண்டு நின்றாள். யாரும் இதைத் தொடக்கூடாது. கன்னையா அண்ணனிடம் சொல்ல வேண்டும், அவர் வந்ததும் முதலில்...

தலைக்கு மேலிருந்த விளக்கு அணைந்தது.

"மெயின எறக்கிட்டேன் தங்கச்சி!" வராந்தாவிலிருந்து மழையைத் தாண்டிக் குரல் வந்தது. "இனிமே பயமில்ல!"

"போடுங்க அண்ணே! போடுங்க!"

அவர் அதற்குள் சமையலறைக்குள் வந்துவிட்டார். "கரண்டு இல்லாமத்தான் தங்கச்சி கழட்டணும். இருங்க, ரெண்டே நிமிசம்." அவள் தோளால் முட்டினாள். ஒரு கையில் குழந்தை. குழந்தையின் கால் அவள் இடுப்பில் சில்லென்று பட்டது. கன்னையா தட்டை நெம்பித் தூக்கினார், அவள் பிடித்து இழுத்தாள், தட்டு வழுக்கி சிமெண்டுத் தரையில் விழுந்து இரண்டாகப் பிளந்தது.

உள்ளே கரி இல்லை. பால். நான்கு நாள் கழித்தும் வெள்ளையாக, இளஞ்சூட்டோடு தரையில் வழிந்தது.

கன்னையா இரண்டடி பின்வாங்கினார். "இது என்னா லா..."

குழந்தை மூச்சு விடுவது குறைந்துகொண்டே வந்தது. ரமணி அடுப்பின் குழியைப் பார்த்தாள். தட்டிலிருந்து பிய்ந்து நின்ற இரண்டு கம்பிகள். நுனியில் செம்பு. அதுவரை நடுங்கிக்கொண்டிருந்த அவள் குரல் திடீரென்று சாதாரணமாகிவிட்டது.

"அண்ணே, பாப்பாவுக்கு வெந்நி வெக்கணும். முன் தட்டு நல்லாத்தானே இருக்கு? மெயின மட்டும் போடுங்க."

"கம்பி ரெண்டும் திறந்து கெடக்கு தங்கச்சி. கிட்டப் போயிடாதீங்க."

"போகல அண்ணே."

அவர் வராந்தாவுக்குப் போனார். அங்கிருந்து அடுப்பு தெரியாது. ரமணி குழந்தையை முந்தானையால் தன் மார்போடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள். திருகு ஒன்றில்தான் இருக்கிறதா என்று பார்த்தாள். இடக்கையில் ஒரு கம்பி. வலக்கையில் ஒன்று.

"போடட்டுமா?"

"போடுங்க."

விளக்கு எரிந்தது.

வலிக்கவில்லை. உதறவில்லை. கை சுடக்கூட இல்லை. ஏதோ ஒன்று உள்ளே வந்தது, வெளியே போனது, அவ்வளவுதான். மார்பில் குழந்தை அசைந்தது. கால் உதைத்தது. ஆழமாக ஒரு மூச்சு இழுத்து, கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது.

"மீட்டர் ஒழுங்கா ஓடுது தங்கச்சி!" கன்னையாவின் குரலில் நிம்மதி. "நான் போயி பெரியவர் யாரையாச்சும் கூட்டிட்டு வரேன். அதுவரைக்கும் மெயின் இருக்கட்டும், என்னா?"

பதில் சொல்ல வாயைத் திறக்கப் பார்த்தாள். தாடை அசையவில்லை. சைக்கிள் கல்பாதையில் இறங்கும் சத்தம் மழைக்குள் கரைந்தது. விரல்களை அவிழ்க்க முடியவில்லை. அவிழ்க்கவும் அவள் விரும்பவில்லை. குழந்தை எக்கி, அவள் கன்னத்தில் வாயை வைத்துச் சிரித்தது. அதன் சூடான மூச்சு, இரும்புத் தட்டைப் போலச் சில்லிட்டிருந்த அந்தக் கன்னத்தில் ஆவியாகப் படிந்து, துளித்துளியாகத் திரண்டு, வழிந்தது.