பெட்டிக்கு அடியில் காய்ந்த தரை

காலை 10:40. பார்சல் கிடங்கில் ஓர் அலறல். சுமை தூக்குபவர் இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் துடித்தார். பக்கத்தில் கனமான அட்டைப்பெட்டி. அவர் மேற்பார்வையாளரின் தங்கை கணவர். கிடங்கே அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடும். பத்தே நிமிடத்தில் ஆம்புலன்ஸ் தூக்கிக்கொண்டு போனது. அந்தக் களேபரத்தில் தரையை யார் பார்த்தார்கள்?

11:00. மேற்பார்வையாளர் கத்தினார். "பாருங்கய்யா, தண்ணி! துடைச்சவ ஒழுங்கா காய விடல!"

11:20. கிடங்கின் பிசியோதெரபிஸ்ட் வந்தபோது துப்புரவுக்காரம்மா அழுதுகொண்டிருந்தார். பன்னிரண்டு மணிக்கு வேலைநீக்கக் கடிதம் தயாராகிவிடுமாம். அடப்பாவமே, விசாரணை என்று ஒன்று வேண்டாமா?

"எப்ப துடைச்சீங்கம்மா?"

"ஏழு மணிக்கே முடிச்சுட்டேன் அக்கா. பினாயில் வாளிய அப்பவே கவுத்து வெச்சாச்சு."

பிசியோ குனிந்து ஈரத்தைத் தொட்டு முகர்ந்தார். வாசனையே இல்லை. இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பெட்டியை நகர்த்தச் சொன்னார். ஓரங்கள் மட்டும் நனைந்திருந்தன. அடியில் தரை காய்ந்து கிடந்தது.

சற்றுத் தள்ளி, ஆம்புலன்ஸ்காரர்கள் கழற்றிப் போட்ட மாப்பிள்ளையின் இடது ஷூ. அடிப்பாகம் உள்பக்கம் மட்டும் தேய்ந்து ஓட்டை விழும் நிலையில் இருந்தது. வெளிப்பக்கம் புதுசு மாதிரி.

11:35. பிசியோ அசைவுச் சோதனைக் கோப்பைப் புரட்டினார். சுமை தூக்குபவர்களை உட்கார்ந்து எழச் சொல்லி, முட்டி எப்படி அசைகிறது என்று பார்த்து மதிப்பெண் போடும் கோப்பு. போன வாரத் தேதி. மாப்பிள்ளைக்குப் பத்துக்குப் பத்து. கீழே மேற்பார்வையாளரின் கையெழுத்து.

"இந்தச் சோதனைய நீங்கதானே பார்த்தீங்க?"

"ஆமா. நாப்பது தடவ உக்காந்து எந்திரிச்சாரு. அசரவே இல்ல."

"எப்படி உக்காந்தாரு?"

"எப்படின்னா? உக்காந்தாருன்னா உக்காந்தாருதான்!"

"முட்டி உள்பக்கம் சாஞ்சுதா?"

மேற்பார்வையாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் காலியாக இருந்தது.

11:50. மேலாளர் அறை. மேற்பார்வையாளரும் துப்புரவுக்காரம்மாவும் கூடவே வந்திருந்தார்கள். பிசியோ ஷூவை மேசைமேல் வைத்தார்.

"சார், ஈரத்துல வழுக்கியிருந்தா பெட்டியும் ஈரத்துலதான் விழுந்திருக்கும். அடியில காஞ்சிருக்கு. அப்ப தண்ணி பிறகு வந்தது. பினாயில் வாசன இல்ல, குடிக்கிற தண்ணி. இந்த ஷூ சொல்லுது, மாப்பிள்ளைக்கு முட்டி ரொம்ப நாளா உள்ள சாஞ்சிருக்கு. கனத்தோட குனிஞ்சப்ப பிடிச்சு இழுத்துடுச்சு. ஒரே ஒரு தடவ நிதானமா பார்த்திருந்தாலும் கண்டுபிடிச்சிருக்கலாம். பார்க்காமலே எழுதின கோப்பு வெளிய வந்துடும்னு பயந்து தண்ணிய ஊத்தினது..."

அவர் திரும்பினார். மேற்பார்வையாளருக்கு வியர்த்து வழிந்தது.

"நம்ம ஆளுதானேன்னு நான் அந்தப் பக்கமே போகல அக்கா. நாப்பது ஆச்சுன்னு அவரே சொன்னாரு. எழுதிட்டேன்."

மேலாளர் கிழித்த கடிதம் குப்பைக்கூடையில் விழுந்தது. துப்புரவுக்காரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிட்டார்.

மேற்பார்வையாளரின் கைப்பேசி அடித்தது. திரையில் 'தங்கச்சி'. அவர் கை நகரவில்லை.

"எடுங்க," என்றார் பிசியோ. "ஈரத்துல வழுக்கிட்டாருன்னு மட்டும் சொல்லிடாதீங்க."