நெருப்பு, பெட்ரோல், காற்று

பெட்ரோல் தீர்ந்தால் என்ஜின் இருமும். கரண்ட் விட்டுவிட்டு வந்தால் வண்டியைக் குலுக்கிப் போடும். அக்காவின் பழைய வேன் இரண்டையும் செய்யவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு முனகலை உள்ளுக்குள் இழுத்துக்கொண்டு அப்படியே அணைந்துபோனது. அந்த முனகல்தான் மெக்கானிக்கான தங்கைக்குப் பிடிக்கவில்லை. இருபது வருடமாக என்ஜின் சத்தத்தோடு குடித்தனம் நடத்துகிறவள் அவள். இப்படி ஒன்றை அவள் கேட்டதே இல்லை.

போன வாரம் அக்கா பள்ளிப் பிள்ளைகள் ஒன்பது பேரோடு ஆளில்லாத ரயில்வே கிராசிங்கைக் கடக்கும்போது, வேன் தண்டவாளத்தின் மேலேயே நின்றுவிட்டது. பிள்ளைகளை அள்ளி இறக்கிவிட்டு, ரோட்டில் போனவர்களெல்லாம் சேர்ந்து தள்ளி, பின்சக்கரம் தண்டவாளத்தைத் தாண்டவும் ரயில் வரவும் சரியாக இருந்தது. அன்று முதல் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை.

"இத எவனுக்காவது வித்துத் தொலைச்சுடறேன்டி."

"யார் தலையில கட்டுவ? அவங்க வீட்ல பிள்ளைங்க இருக்காதா? எங்கிட்ட விடு. என்னன்னு பார்க்காம இத வெளிய அனுப்ப மாட்டேன்."

சொல்லி மூன்று நாளாகிவிட்டது. பிளக்குக்கு நெருப்பு கொடுக்கும் காயிலை மாற்றினாள். பெட்ரோல் பம்பை மாற்றினாள். டேங்கைக் கழற்றிக் கழுவிக் காயவைத்துப் பூட்டினாள். ஓட்டிப் பார்த்தால், பத்தாவது நிமிடமோ நாற்பதாவது நிமிடமோ, மேட்டிலோ பள்ளத்திலோ, அதே முனகல். அதே அமைதி. ஒவ்வொரு தடவையும் பிளக்கைக் கழற்றினால் கறுப்பாக, சொதசொதவென்று நனைந்து வந்தது.

பக்கத்துக் கொட்டகை வெல்டர் வந்து ஒரு பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நெருப்பு வருது. பெட்ரோலும் போகுது. காத்துதான்மா கிடைக்கல. நாம காத்து இழுக்கிற கார்ப்பரேட்டர் வாய உள்ளங்கையால பொத்தி நிறுத்துவோமே, அந்த மாதிரி இருக்கு."

"ஃபில்டர் புதுசுண்ணே. நானே போட்டேன்."

இருந்தாலும் ஃபில்டர் டப்பாவைத் திறந்தாள். எலியின் கூடு இல்லை, துணி இல்லை, ஒரு சருகுகூட இல்லை. டப்பாவின் உள்சுவரில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி படிந்திருந்தது. அந்தத் தூசியில் நான்கு விரல், ஒரு கட்டைவிரல்.

"உன் கைதான். வேற யாரு கை? நல்லா பயந்த போ" என்று வெல்டர் சிரித்தார்.

அவள் தன் கையை அந்தத் தடத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். உள்ளங்கை கச்சிதமாகப் பொருந்தியது. விரல்கள் பொருந்தவில்லை. தடத்தில் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு கணு கூடுதலாக இருந்தது.

வெல்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. "இத இப்படியே விட்டுடும்மா. வண்டிய உடைச்சுப் போட்டுடலாம். நானே வெட்டித் தர்றேன்."

"எவன் என் என்ஜினுக்குள்ள கைய வெச்சாலும் எடுக்கச் சொல்லுவேன்ணே. அதுக்குத்தானே கடைய திறந்து வெச்சிருக்கேன்?"

குரல் நடுங்கத்தான் செய்தது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று ஸ்பேனரை எடுத்தாள்.

அந்த வேனில் என்ஜின் இருப்பது டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலேயே, ஒரு இரும்பு மூடிக்கு அடியில். மூடியையும் ஃபில்டர் டப்பாவையும் கழற்றிக் கொட்டகையிலேயே போட்டாள். தம்ளர் வாய் அளவுக்குக் கார்ப்பரேட்டரின் வாய் அவளுடைய இடது முழங்காலருகே திறந்து கிடந்தது. பெட்ரோல் ஓடுவது தெரியக் கண்ணாடிக் குழாய் மாட்டினாள். பிளக் ஒயரில் ஒரு சின்ன விளக்கைச் சேர்த்து எதிரே ஒட்டினாள். நெருப்பு வரும்வரை அது மின்னும்.

மாலை நான்கு மணிக்கு, மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த வானத்துக்குக் கீழே, ஏரிக்கரை ரோட்டில் வேனை விட்டாள். சூடான எண்ணெயும் பச்சைப் பெட்ரோலும் கலந்த வாடை தொண்டையில் கசந்தது. திறந்த என்ஜினின் அனல் தொடையைச் சுட்டது. எல்லாச் சத்தத்துக்கும் அடியில் கார்ப்பரேட்டர் காற்றை உறிஞ்சும் அந்த நீண்ட ஹா என்ற இரைச்சல் ஓயாமல் கேட்டபடியிருந்தது. பத்து நிமிடம். இருபது நிமிடம். எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை.

முனகல்.

இரைச்சல் நின்றது. கியரில் கிடந்த வேன் உருண்டுகொண்டிருந்தது. விளக்கு மின்னியது. குழாயில் பெட்ரோல் இருந்தது.

குனிந்து பார்த்தாள். கார்ப்பரேட்டரின் வாயில் எதுவும் இல்லை. வெறும் இருட்டு. இடது கையை மெல்லக் கொண்டுபோனாள். உறிஞ்ச வேண்டிய காற்று உறிஞ்சவில்லை. விரல் இன்னும் கொஞ்சம் கீழே போனது.

தோல்.

கொதிக்கும் என்ஜினின் மேல், குளிர்ந்த, ஈரமான தோல்.

ஸ்டீயரிங் ஆடியது. கையை இழுத்துக்கொள் என்று உடம்பு முழுக்கக் கத்தியது. அவளுக்குத் தண்டவாளம் ஞாபகம் வந்தது. ஒன்பது பிள்ளைகள்.

"எடு கைய."

அது அசையவில்லை.

"எடுன்னு சொல்றேன்ல! இது எங்க அக்கா வண்டி!"

அதன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். வந்தது. என்ஜின் உறுமிக்கொண்டு உயிர் பெற்றது. அவள் கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கவில்லை, பிடியை விடவுமில்லை. முழங்கை வந்தது. இன்னும் இழுத்தாள். அதே கையில் இன்னொரு முழங்கை வந்தது. பிறகு சட்டென்று பிடி நழுவி, கையில் எண்ணெய்ப் பசை மட்டும் மிஞ்சியது.

என்ஜின் ஓடியது. இத்தனை வருடத்தில் இவ்வளவு சீராக அது ஓடியதில்லை. தன்னை அறியாமல் சிரித்தாள்.

சிரித்த வாயை அந்தக் கை பொத்தியது.

மூக்கும் சேர்ந்து. குளிர். பெட்ரோல் வாடை. விரல்கள் காதைத் தாண்டிப் பிடரியில் போய்ச் சேர்ந்தன. காற்று இல்லை. ரோடு மங்கியது. கால் மட்டும் ஆக்சிலரேட்டரில் அழுந்தியபடி இருந்தது. நிறுத்த மாட்டேன். நீ நிறுத்து பார்ப்போம். தலையை உதறினாள். ஒரு விரல் உதட்டில் வழுக்கி உள்ளே வந்தது.

கடித்தாள்.

எலும்பில் பல் இறங்கும் வரை. ஒடியும் வரை.

வேன் சத்தம் கேட்டு அக்கா தன் வீட்டு வாசலுக்கு ஓடிவந்தாள். என்ஜின் ஒரு பிசிறில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வாரத்துக்குப் பிறகு அக்காவின் முகம் மலர்ந்தது.

"சரியாயிடுச்சாடி?"

தங்கை தலையசைத்தாள்.

"என்னதான்டி கோளாறு? ஏன் இப்படி உம்முனு உக்காந்திருக்க? வாயத் திறந்து சொல்லேன்."

அவள் திறக்கவில்லை. தாடை கடுத்தது. கடைவாயில் பெட்ரோல் வழிந்தது. பற்களை இன்னும் இறுக்கினாள். விட மாட்டாள். உள்ளே, நாக்கின் மேல், ஒடிந்த விரல் மெல்ல மடங்கி, மெல்ல நிமிர்ந்து, ஒவ்வொரு பல்லாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தது.