வேங்கைப் பொந்து

காட்டுக்கிளி மனிதக் குரலில் பேசாது. கூண்டில் அடைபட்ட கிளிதான் பேசும். தன் கூட்டம் இல்லாத இடத்தில் மனிதர்களையே கூட்டமென்று எண்ணிக்கொண்டு அவர்களுடைய சத்தத்தைப் பழகிக்கொள்ளும். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு நான்கு மாதமாக ஏறி இறங்கி, கல்லூரி ஆய்வுக்காக மலைக்கிளிக் கூடுகளை எண்ணிவரும் அம்சவள்ளிக்கு அது மனப்பாடம். அதனால்தான், ஓடைக்கு மேலிருந்த சரிவிலிருந்து ஒரு கிளி தெளிவாக "பழனி" என்று கூப்பிட்டபோது அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது.

"உங்களத்தான் கூப்புடுது, பழனிண்ணா. இன்னா, சொந்தமா?"

பழனி சிரிக்கவில்லை. எலவனாசூர்கோட்டையிலிருந்து கூலிக்கு வழித்துணையாக வருபவர், வாய் ஓயாத மனிதர், ஓடைத் தண்ணீரில் ஒரு காலும் கரையில் ஒரு காலுமாக நின்றுவிட்டார். பிறகு அவளைப் பார்க்காமலே சொன்னார். பதினோரு வருடத்துக்கு முன்னால் அவருடைய அண்ணன் இருசப்பன் கிளிக்குஞ்சு பிடிக்க இந்தப் பக்கம் வந்து திரும்பவில்லை. நான்கு நாள் தேடினார்கள். அண்ணன் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. இந்தச் சரிவுக்கு ஓடினால் அந்தச் சரிவில் கேட்டது. இரண்டு மாதம் கழித்து கீழ் ஓடையில் உடம்பு கிடைத்தது, வலதுகை இல்லாமல். கரடி என்றார்கள்.

"நா இதுக்கு மேல வரல மேடம். ரோட்டுல வண்டியாண்ட நிக்கறேன். நீங்களும் வந்துடுங்க, பொழுது சாயுது."

ஒரே ஒரு பொந்து, அரைமணி நேரத்தில் வந்துவிடுவதாக அம்சவள்ளி சொன்னாள். பேசும் காட்டுக்கிளியை விட்டுவிட்டுப் போக அவளால் முடியாது. முள் வெட்டத் தன் கொடுவாளை அவளிடம் நீட்டியவர், பிடியை உடனே விடவில்லை.

"பொந்துல கைய மட்டும் வுடாதீங்க. கண்ணால பாத்தா போதும்."

கிளிக்குரல் வந்த மரம் சரிவின் வளைவுக்குப் பின்னால் இருந்தது. பெரிய வேங்கை, அதை ஒட்டி ஒரு பாறை, பாறைமேல் ஏறி நின்றால் முகத்துக்கு நேரே பொந்து. கொடுவாளை மரத்தில் ஓங்கிக் கொத்தி நிறுத்திப் பையை அதில் மாட்டினாள். வெட்டிலிருந்து வேங்கையின் சிவப்புப் பால் கசிந்து, துவர்ப்பு வாடையோடு பட்டையில் இறங்கியது. கம்பியின் நுனியில் இருந்த சிறிய கேமராவைப் பொந்துக்குள் இறக்கிக் கைபேசித் திரையைப் பார்த்தாள். மூன்று குஞ்சுகள், இன்னும் கண் திறக்காதவை, வெள்ளைச் சுள்ளிகளின்மேல் ஒன்றையொன்று அணைத்துக் கிடந்தன. வெளிநாட்டுக் கிளியினம் ஒன்றைப் பற்றி அவள் படித்தது நினைவுக்கு வந்தது. தாய் ஒவ்வொரு குஞ்சுக்கும் தனித்தனியாக ஓர் ஒலியைச் சொல்லித்தரும், அதுதான் அதன் பெயர், இருட்டில் கேட்ட அந்த ஒலியை ஆயுசுக்கும் மறக்காது.

கம்பியை வெளியே இழுத்தபோது கேமரா கழன்று உள்ளே விழுந்தது. கல்லூரியில் இருப்பது அது ஒன்றுதான்.

ஒரு நிமிட வேலை. கையை விட்டாள். மணிக்கட்டில் ஒரு தடை. அழுத்தியதும் உள்ளே போய்விட்டது. கேமரா விரலில் பட்டது, வழுக்கியது. சரி, போகட்டும் என்று கையை இழுத்தாள். வரவில்லை.

காப்பு. களமருதூர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு, பத்து வயதில் அம்மா போட்டுவிட்ட தடித்த செப்புக் காப்பு. கல்யாணத்தன்று கோயிலில்தான் கழற்ற வேண்டும். வாய் குறுகி உள்ளே அகன்ற பொந்தில் அது விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. திருப்பினாள். சாய்த்தாள். எச்சில் தடவினாள். அந்தப் பொந்தில் இரண்டாவது கைக்கு இடமில்லை. இழுக்க இழுக்கத் தோல் வழன்று மணிக்கட்டு வீங்கியது. இடதுகையிலிருந்து நழுவிய கைபேசி பாறையில் பட்டுச் சரிவில் உருண்டது. சருகுகளுக்கு நடுவே சிறிது நேரம் அதன் வெளிச்சம் தெரிந்து, பிறகு அணைந்தது.

விரல்களை மட்டும் அசைக்க முடிந்தது. குஞ்சுகளின் சூடு. அவற்றுக்குக் கீழே சுள்ளிகள். வழவழப்பானவை, முனையில் சிறிய முண்டு முண்டாக. அவற்றுக்கு நடுவே வளைந்த, குளிர்ந்த ஏதோ ஒன்று. விரல்நுனியால் அதைச் சுற்றிவந்தாள். தடிப்பு. இரண்டு முனையிலும் மொட்டு.

இன்னொரு காப்பு.

"பழனிண்ணா!"

தொண்டை கிழியக் கத்தினாள். மறுபடியும் கத்தினாள். ரோடு தூரத்தில் இல்லை, கேட்கும், கேட்டே ஆக வேண்டும்.

வெளிச்சம் மங்கியபோது கிளிகள் வந்தன. இருபது, ஐம்பது, நூறு. அடைய வரும் கூட்டம் போடும் கூச்சல் எதுவும் இல்லை. வேங்கையின் கிளைகளில் வரிசையாக இறங்கி, தோளின் சிவப்புத் திட்டு தெரிய, தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தன. மேல்கிளையில் ஒரு கிழட்டுக் கிளி, கரகரத்த ஆண்குரலில், மூச்சிரைக்கச் சொன்னது:

"டேய் பழனி. வலிக்குதுடா."

இன்னொன்று அதையே சொன்னது. அதே இரைப்பு. அதே விசும்பல்.

"பழனிண்ணா!" என்று அலறினாள்.

கிளைகள் அமைதியாகின. கேட்டுக்கொண்டிருந்தன.

பிறகு, அவள் தலைக்கு மேலே, அவளுடைய குரலில், அவளுடைய பயத்தோடு: "பழனிண்ணா!"

பக்கத்துக் கிளையில். அதற்கும் பக்கத்தில். நூறு தொண்டையில் அவள். கூட்டம் ஒரே உதறலில் எழுந்தது. ஒரு பகுதி ஓடைக்கு, ஒரு பகுதி எதிர்ச்சரிவுக்கு, ஒரு பகுதி பள்ளத்துக்கு. மலை முழுக்க அவள் கூப்பிட்டாள்.

கீழே ஒரு டார்ச் வெளிச்சம். ஓடிவந்தது. நின்றது. இந்தப் பக்கம் திரும்பியது.

"மேடம்! எங்க கீறீங்க?"

"இங்க! வேங்கை மரம்!"

"இங்க! வேங்கை மரம்!" என்றது எதிர்ச்சரிவு. "வேங்கை மரம்!" என்றது பள்ளம்.

டார்ச் தடுமாறியது. எதிர்ச்சரிவை நோக்கி ஓடத் தொடங்கியது.

அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். உதட்டைக் கடித்தாள். இனி ஒரு சத்தமும் தரக்கூடாது.

அவள் குரல் நிற்கவில்லை. தூரத்தில் கெஞ்சியது. அழுதது. டார்ச் ஒரு புள்ளியாகி, மேட்டைத் தாண்டி, இல்லாமல் போனது.

பொந்துக்குள், உள்ளங்கையில், ஒரு குஞ்சு மூக்கை உரசிக்கொண்டு மெதுவாகப் பழகிப் பார்த்தது. "பழனிண்ணா."

இடதுகைக்கு எட்டும் தூரத்தில் கொடுவாள். அதன் கீழே சிவப்பு இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி, அதே உயரத்தில், பட்டை மூடி ஆறிப்போன ஒரு பழைய வெட்டு.